கொம்பையா எருமைக்கு ஜாமீன்

தலையாட்டிக்குளத்து ஆட்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால், அதில் எள்ளளவும் கூட்டமாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அந்த ஊர்க் கொம்பையா கடன் தாங்காமல் திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். அவருக்கு இருந்த சொத்து ஒரே ஒரு எருமை.

டவுன் வக்கீல் விவரம் சொன்னார்: "எருமையை வித்துக் கடன்காரங்களுக்குப் பங்கு வைக்கிற வரைக்கும் ஒரு பொறுப்பாளி அதை வச்சிருக்கணும். புத்தித் தெளிவுள்ள ஆளா இருக்கணும். அடுத்தவன் சொத்தை வாங்கி வைக்கிறவன் எவனானாலும், அதே பெறுமானத்துக்குத் தன் சொத்தை இன்னொருத்தன்கிட்ட ஜாமீனா விடணும். ஜாமீன் மாடு, கட்டின தொழுவத்தைவிட்டு வெளியே வரக்கூடாது."

ஊர் கூடியது. "நம்மள்ல புத்தியுள்ளவன் யாருவே?" என்றார் சப்பாணிமுத்து.

கூட்டத்தில் இருந்த வெள்ளத்துரை மெல்லப் பின்வாங்கினார். முந்தின நாள்தான் நல்ல மழை. ஈரம் காயுமுன்னே உழுதாக வேண்டும், இருப்பதோ ஒரு ஜோடி காளை; அதுவும் ஜாமீனாகப் போய்விட்டால்? நைசாக நழுவிப் பனைமரத்தில் ஏறிக்கொண்டார்.

"வேண்டாம்னு ஓடுதான் பாருங்க, அவனுக்குத்தாம்வே புத்தி இருக்கு. இறக்குங்க!" என்றது கூட்டம்.

எருமை வெள்ளத்துரை வீட்டுக்கு வந்தது. காளைகள் ஜாமீனாகச் சப்பாணிமுத்து தொழுவத்துக்குப் போயின. அங்கேதான் இடித்தது. "இப்ப நானும்லா அடுத்தவன் சொத்தை வச்சிருக்கேன்!" என்று சப்பாணிமுத்து தன் ஆடுகளைப் பக்கத்து வீட்டு இசக்கியிடம் ஓட்டிவிட்டார். இசக்கி பதறிப்போய்த் தன் வண்டியை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். எல்லா வீடும் கதவைச் சாத்திக்கொண்டது. திறந்து கிடந்தது கொம்பையா வீடு மட்டும்தான். அவருக்குத்தான் போக ஒன்றுமில்லையே.

"வண்டியை நான் வாங்கிக்கிடுதேன். ஆனா ஜாமீனா விட எங்கிட்ட ஒரு எருமைதான உண்டு?"

"அது எங்கவே இருக்கு?"

"வெள்ளத்துரைகிட்ட."

"அப்போ முந்தியே ஒப்படைச்சாச்சு! கணக்குச் சுத்தம்!"

ஊரே நிம்மதியாகத் தூங்கியது, வெள்ளத்துரையைத் தவிர. விடிந்ததும் சப்பாணிமுத்து வீட்டுக்கு ஓடினார்.

"அண்ணாச்சி, ஈரம் போகுது. காளையை ஒரு பொழுது விடுங்க."

"உம்ம காளைதாம்வே, நான் இல்லைங்கலியே. தொழுவைவிட்டு வெளியே வரக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரே!"

வயலைக் கூடையில் அள்ளித் தொழுவத்துக்குக் கொண்டுவரலாமா என்றுகூட யோசித்துப் பார்த்தார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தது வெள்ளத்துரைதான். புத்தித் தெளிவுள்ளவர் அல்லவா!

மத்தியானம் அந்த வழியாக வந்த வக்கீல் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளத்துரை ஏர் பிடித்து உழுதுகொண்டிருந்தார். காளைகளுக்கு மேலே சப்பாணிமுத்துவின் தொழுவத்து ஓலைக்கூரை. பிடுங்கிய நாலு கம்பத்தையும் நாலு பேர் தோளில் தாங்கி, மாடு நடந்தால் நடந்து, மாடு திரும்பினால் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா கூத்து இது?"

"பயப்படாதீங்க ஐயா," என்றார் வெள்ளத்துரை. "காளை தொழுவுக்குள்ளதான் நிக்கி."

பின்னால் தொழுவத்துப் படல்கதவைத் தூக்கிக்கொண்டு வந்த சப்பாணிமுத்து, வக்கீலுக்குச் சந்தேகம் வேண்டாமென்று, அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சாத்தினார்.