பிரதமர் கையில் கட்டிய மணி

இத்தாலியில் பிரதமர் மாறினால், பழையவர் புதியவர் கையில் ஒரு சின்ன மணியைக் கொடுத்துவிட்டுப் போவார். அதை ஒருமுறை அடித்தால் மந்திரிசபை கூடும். மறுமுறை அடித்தால் கலையும்.

பதவிக்கு வந்த கையோடு பிரதமர் பாம்பினெல்லி, மாளிகை ஏவலாள் ஒரெஸ்தேயைக் கூப்பிட்டார். "இனி எந்தப் பயலும் இந்த மணியை என் கையிலிருந்து வாங்கக் கூடாது. வழி பண்ணு. இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ!"

"அதற்கென்ன ஐயா," என்ற ஒரெஸ்தே, பட்டுக்கயிற்றால் மணியை அவர் கையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டான்.

மறுநாள் மந்திரிசபை. இத்தாலிக்காரருக்குக் கையை வீசாமல் பேச வருமா? "நண்பர்களே!" என்றார்; மணி அடித்தது. மந்திரிகள் உட்கார்ந்தார்கள். "நம் நாடு..." என்றார், மறுபடி அடித்தது. எழுந்தார்கள். "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கையை நீட்டினார், உட்கார்ந்தார்கள். கூட்டம் நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நிதி மந்திரி எழவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல் நடுவிலேயே நின்றுவிட்டார்.

"அவிழ்த்துத் தொலைடா!" என்று பிரதமர் கத்தினார்.

ஒரெஸ்தே பணிவாகக் குனிந்தான். "அவிழ்க்கிறேன் ஐயா. அவிழ்த்து யார் கையில் கொடுக்க?"

அதுவரை குழம்பிக் கிடந்த மந்திரிகளுக்கு இது மட்டும் சட்டென்று விளங்கிவிட்டது. அத்தனை பேரும் கையை நீட்டினார்கள்.