ஞானசிகாமணியின் ஆறடிப் போஸ்டர்

கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஞானசிகாமணி ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சி மாணவரானார். வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் ரெஹானா அவரைவிடப் பதினாலு வயது இளையவர். இவர் 'மேடம்' என்பார், அவர் 'சார்' என்பார். மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது.

மாநாட்டு மண்டபத்தில் அன்று காலை நாற்பது ஆய்வுப் போஸ்டர்கள் தொங்கின. முப்பத்தொன்பது அடக்கமாக இருந்தன. ஞானசிகாமணியுடையது ஆறடிக்கு நாலடி. பதினோரு அட்டவணை, ஒன்பது வரைபடம், தாளாளர் படம், கல்லூரி முதல்வர் படம். எழுத்தோ, எறும்பே கண்ணாடி கேட்கும் பொடி எழுத்து. பிளெக்ஸ் கடைக்காரர் பிழை பார்க்க உட்கார்ந்து, எழுந்தபோது தாடி மார்பைத் தொட்டதாம்.

பதினோரு மணிக்குக் குடிநீர் வாரியப் பொறியாளர் வருவார். பத்தே நிமிடம் நடந்து பார்ப்பார், போய்விடுவார். அவர் மனசு வைத்தால், ஞானசிகாமணி ஆராய்ந்த கருங்காட்டுக் கிராமத்து ஆழ்துளைக் கிணறு மூடப்படும். வைக்காவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் புளோரைடுத் தண்ணீரையே குடிப்பார்கள். ஏழு வயதில் பல்லில் பழுப்புக் கறை. இருபதில் முழங்கால் வளையும்.

ரெஹானா போஸ்டரின் முன்னால் கைகட்டி நின்றார்.

"கழட்டுங்க சார்."

ஞானசிகாமணிக்குச் சுர்ரென்று ஏறியது. "எதுக்கு மேடம்?"

"பொறியாளர் இதுல எதைப் பார்ப்பார்?"

"எல்லாத்தையும் பார்க்கட்டும்! மூணு வருஷ உழைப்பு. எதை வெட்டச் சொல்றீங்க? மழையளவையா, மண் வகையையா?"

"தாளாளர் மீசையில ஆரம்பிக்கலாம்."

"நக்கல் பண்ணாதீங்க! ஒவ்வொரு சாம்பிளும் நாய் துரத்தத் துரத்த எடுத்தது!"

"நாய்க்கு எத்தனாவது அட்டவணை சார்?"

அவ்வளவுதான். ஞானசிகாமணி கத்திய கத்தலில், இரண்டு வருடமாக ஓடாமல் கிடந்த மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. நிறுத்த ஆள் தேடினார்கள்.

"நீங்க ஸ்கூல் யூனிஃபார்ம்ல திரிஞ்சப்பவே நான் காலேஜ்ல பாடம் நடத்தினவன்! ஒரு வரிகூட எடுக்க மாட்டேன். ஒரு புள்ளிகூட!"

தொண்டை வறண்டு இருமல் பிடித்துக்கொண்டது.

ரெஹானா மேஜைக்கு அடியிலிருந்த கேனைச் சாய்த்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"சரி, எடுக்க வேணாம். உட்காருங்க. குடிச்சுக்கிட்டே கேளுங்க. நானே படிக்கிறேன், ஒரு எழுத்து விடாம."

ஞானசிகாமணி முறைத்துக்கொண்டே வாங்கினார்.

"'தாளாளர் அவர்களின் நல்லாசியுடனும், கல்லூரி முதல்வர் அவர்களின் மேலான ஊக்கத்துடனும்...'"

ஒரு மடக்கு.

"'நீர் மனித வாழ்வின் இன்றியமையாத தேவையாகும்...'"

இன்னொரு மடக்கு. மழையளவு வந்தது. மண் வகை வந்தது. நாலாவது அட்டவணையில் தம்ளர் காலியானது. ரெஹானா வாசிப்பை நிறுத்தாமலே மறுபடி ஊற்றினார். ஞானசிகாமணியின் கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது. காதால் கேட்கும்போது நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று பட்டது. பதினோராவது அட்டவணையில் இரண்டாவது தம்ளரும் முடிந்தது.

ரெஹானா மண்டியிட்டு, போஸ்டரின் கீழ் மூலைக்குக் குனிந்தார்.

"'ஆகவே, கருங்காட்டு நீரைக் குடிக்கக் கூடாது.'"

எழுந்து, கேனைத் திருப்பி வைத்தார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் ஞானசிகாமணியின் கையெழுத்திலேயே 'கருங்காடு' என்றிருந்தது.

தம்ளர் தரையில் உருண்டது.

"மேடம்! என் சாம்பிள் தண்ணியையா கொடுத்தீங்க?" புறங்கையால் வாயைத் துடைத்தார். "ரெண்டு தம்ளர் குடிச்சுட்டேனே! முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொல்லிக்கிட்டேதான் சார் இருந்தேன்," என்றார் ரெஹானா. "நீங்க எழுதின வரிசையில."