நீல உதட்டு ராஜா

முன்னொரு காலத்தில் ஒரே ஆற்றை நம்பி மூன்று நாடுகள் இருந்தன. நடுநாட்டை வேலேந்தி என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம்.

மேல்நாட்டார் தோல் ஊறவைத்த தண்ணீரை ஆற்றில் விட, அது நடுநாட்டில் வந்து நாறியது. நடுநாட்டார் சாயத்தண்ணீரைக் கீழ்நாட்டுக்கு விட்டார்கள். கீழ்நாட்டார் கரும்பாலைக் கழிவை ஆற்றோடு கடல் பக்கம் தள்ளினார்கள். ஆனால் பழி எப்போதும் மேலே இருப்பவன் மேல்தான்.

"மேல்நாட்டு மேல படையெடுப்போம் மகாராஜா!" என்றார் தளவாய் கொற்றப்பன். ஒரு பெண் மந்திரியாக இருப்பது அவருக்கு ஆகவே ஆகாது.

"முதல்ல மூணு ராஜாவும் உட்கார்ந்து பேசுங்க," என்றாள் மந்திரி உமையாள்.

"சரி. பேச்சு முறிஞ்சா போர்தான். உன் முத்திரை மோதிரமும் தளவாய்க்கு!" என்றார் வேலேந்தி.

உமையாள் போரை நினைத்தாள். மோதிரம் போனால் போகட்டும், பெற்றவர்கள் பிள்ளைகளையல்லவா அனுப்ப வேண்டும்?

அந்தச் சீமையில் ஒரு வழக்கம். ராஜாக்கள் கூடினால் அவரவர் நாட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பேச வேண்டும். குடிக்காதவர் தன் நாட்டையே வேண்டாம் என்றவர். எப்போதும் அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர்தான் வரும். இந்த முறை உமையாள், ஒவ்வொரு நாட்டையும் ஆறு தாண்டிப் போகிற இடத்தில் மொண்டுவரச் சொன்னாள்.

மூன்று ராஜாக்களும் கூடினார்கள், கிண்ணங்கள் வந்தன. மேல்நாட்டுக் கிண்ணம் நாறியது. கீழ்நாட்டுக் கிண்ணம் நுரைத்தது. நடுநாட்டுடையது கருநீலம்.

"விஷம்!" என்று குதித்தார் தளவாய்.

"நம்ம ஆத்துத் தண்ணிங்க தளவாயே. நாம குடிச்சா விஷம், கீழ்நாட்டுப் பிள்ளைங்க குடிச்சா பாயசமா?" என்றாள் உமையாள்.

வேலேந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். உதடெல்லாம் நீலம். மற்ற இருவரும் விட்டுக்கொடுப்பார்களா? குடித்தார்கள், குமட்டினார்கள்.

"என்னதாம்மா வழி?" என்றார் மேல்நாட்டு ராஜா.

"மூணு நாட்டுக்கும் ஒரே சட்டம். ஆறு உங்க எல்லையைத் தாண்டுற இடத்துலதான் அரண்மனைக்குக் குடிதண்ணி எடுக்கணும்."

"சட்டத்துக்குக் காவல்?"

"உங்க நாக்குதான்!"

மூவரும் வெடித்துச் சிரித்து முத்திரை வைத்தார்கள். தினமும் முதல் வாய் குடித்துப் பார்க்கும் வேலை தளவாய்க்குக் கிடைத்தது. பட்டறைக்காரர்கள் அரக்கப்பரக்கக் கழிவுக்குழி வெட்டினார்கள். அடுத்த மழைக்குள் ஆற்றின் அடிமணல் தெரிந்தது.

"இந்த மந்திரியை எங்க நாட்டுக்கும் கொஞ்ச நாள் அனுப்புங்களேன்," என்று கெஞ்சினார் கீழ்நாட்டு ராஜா.

வேலேந்தி மீசையை முறுக்கினார். "ஆறு நம்ம எல்லாருக்கும் பொது. உமையாள் எங்களுக்கு மட்டும்தான்!"