சூரியனுக்கு எத்தனை குதிரை

வெகு காலத்துக்கு முன்பு கொன்றைநாடு என்ற சீமையை மகரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் நினைத்தது நடக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே நடக்க வேண்டும்.

அவரிடம் ஓலை கொண்டுபோகும் குதிரைவீரன் ஒருவன் இருந்தான். பெயர் இருளப்பன். காலையில் ஓலையை வாங்கினால் பொழுது சாய்வதற்குள் பத்துக் காதம் தாண்டி நிற்பான். வேறு எவனும் ஆறு காதத்தைத் தாண்டியதில்லை. ராஜா அவனைப் புகழும்போதெல்லாம் லாயத் தலைவர் கங்காதரருக்கு வயிறு எரியும். குதிரை என் லாயத்துக் குதிரை, பெயர் மட்டும் இவனுக்கா?

ஒரு சித்திரை மாதம். பவனி போன இடத்தில் ராஜாவின் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்துவிட்டது. சபைக்கு வந்தவர் எரிச்சலோடு சொன்னார்: "யாருடைய நாட்டில் காய்கிறோம் என்ற நினைப்பே இந்தச் சூரியனுக்கு இல்லை. நான் வெளியே வரும் நேரத்தில் தணிந்து காய வேண்டும் என்று ஓலை எழுதுங்கள்."

சபையோர் குனிந்துகொண்டார்கள். கங்காதரர் மட்டும் எழுந்தார். "எழுதிவிடலாம் மகாராஜா. கொண்டுபோகத்தான் இருளப்பன் இருக்கிறானே. மேற்கு மலைக்கு அந்தப் பக்கம்தானே தினமும் இறங்குகிறது? இவன் வேகத்துக்கு அது ஒரு தூரமா?"

"சரியாகச் சொன்னீர். இருளப்பா, போய்ப் பதில் வாங்கி வா. வெறுங்கையோடு வந்தால் தலை இருக்காது."

மாட்டேன் என்றால் இப்போதே தலை போகும். இருளப்பன் ஓலையை வாங்கிக்கொண்டான். "மூன்று நாள் தவணை கொடுங்கள் மகாராஜா. வழி விசாரிக்க வேண்டும்."

நேரே பூரணவல்லியின் வீட்டுக்குப் போனான். அரண்மனைக்குக் கிரகணம் கணித்துக் கொடுப்பவள் அவள். சுவடியிலிருந்து நிமிராமலே, "எந்த ஊருக்கு வழி?" என்று கேட்டாள்.

"சூரியனுக்கு, அம்மா."

அவள் எழுத்தாணியைக் கீழே வைத்தாள்.

அன்று முழுக்கக் கணக்கு நடந்தது. அவள் சொல்லச் சொல்ல இருளப்பனுக்குத் தலை போகும் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். தூரம் என்றால் என்னவென்று தன் தொடைக்குத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தவன் அவன்.

"எண்ணாகச் சொன்னால் ராஜா நம்பமாட்டார் அம்மா," என்றான் கடைசியில். "நடக்க வைப்போம்."

மூன்றாம் நாள் காலை. அரண்மனை வாசலில் இரண்டரைச் சாண் அகலத்துக்கு ஒரு பூசணிக்காய்.

"இதுதான் சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள் மகாராஜா," என்றான் இருளப்பன்.

"பூமி எங்கே?"

"நடந்து வாருங்கள்."

ராஜா நடந்தார். சபை பின்னால் போனது. எண்பதாவது காலடியில் முக்காலி ஒன்று, அதன்மேல் வெள்ளைத் துணி, துணியில் ஒரே ஒரு மிளகு. முக்கால் சாண் தள்ளி ஒரு கடுகு.

"மிளகு பூமி. கடுகு சந்திரன்," என்றாள் பூரணவல்லி.

ராஜா குனிந்து பார்த்தார். "என் நாடு?"

"முப்பது காத நீளம் அல்லவா? இந்த மிளகின்மேல் மூன்று மயிரிழை அகலம் இருக்கும் மகாராஜா."

கங்காதரருக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் சாக்கு. போகப் பயந்துவிட்டான்."

"பயமா? கிளம்பத்தான் வந்திருக்கிறேன் ஐயா," என்றான் இருளப்பன். "ஆகாயத்தில் குதிரை ஓடும் என்றே வைத்துக்கொள்வோம். என் ஒருநாள் ஓட்டம் இங்கே ஒரு மயிரிழை. நாளுக்கு ஒரு மாற்றுக் குதிரையை லாயத் தலைவர் தர வேண்டும், தவறினால் அவர் தலைக்கு ஆபத்து என்பது மகாராஜாவின் சட்டம். சந்திரனுக்கு இரண்டாயிரத்து நானூறு குதிரை போதும். சூரியனுக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல். போக மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆகும். லாயத்தில் எத்தனை நிற்கின்றன?"

"நா… நானூறு."

ராஜா கங்காதரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வேர்வை வழிந்தது.

"அவரை விட்டுவிடுங்கள் மகாராஜா," என்றான் இருளப்பன். "போன வாரம் எனக்கும்தான் தெரியாது."

ராஜா வெகுநேரம் பூசணியையும் மிளகையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு தூரத்திலிருந்தா என் முகத்தைச் சுட்டது? வெயில் வந்து சேர எத்தனை வருஷம்?"

"வருஷம் இல்லை மகாராஜா. ஒரு நாழிகையில் மூன்றில் ஒரு பங்கு," என்றாள் பூரணவல்லி.

ராஜாவுக்கு அதற்கப்புறம் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வியாழனைக் காட்டு என்றார். நானூறு காலடிக்கு மேல் போய் ஓர் எலுமிச்சையைக் காட்டினார்கள். சனி? கோட்டை வாசலையும் தாண்டி எழுநூற்று அறுபதாவது காலடி, இன்னும் சிறிய எலுமிச்சை. "பொழுது சாயும்வரை இந்தச் சனியைக் கையில் ஏந்தி நில்லும்," என்று அதைக் கங்காதரரிடம் கொடுத்தார். ஊர்ச்சனம் வந்து வேடிக்கை பார்த்தது.

அங்கிருந்து பார்த்தால் பூசணி ஒரு புள்ளி. ராஜா மெதுவாகக் கேட்டார்: "இதற்கப்புறம்?"

"இருப்பதிலேயே பக்கத்து நட்சத்திரம். நம் சூரியனைப் போலவே ஒன்று," என்றாள் பூரணவல்லி.

"அந்தப் பூசணியை எங்கே வைப்பது?"

"ஏறக்குறைய ஆயிரம் காதம் தள்ளி, மகாராஜா."

ராஜா பெருமூச்சுவிட்டார். இருளப்பனின் முகம் மட்டும் மலர்ந்தது. "ஆயிரம் காதமா? நூறு நாள் ஓட்டம். நூறு குதிரை. இதை ஓடலாம் மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பூரணவல்லியிடம் கொடுத்தார். தன் சொந்தக் குதிரையின் கடிவாளத்தை இருளப்பன் கையில் கொடுத்தார்.

இன்னொரு பூசணியைச் சேணத்தில் கட்டிக்கொண்டு அவன் புறப்பட்டான். நாளுக்கு ஒரு குதிரை மாற்றி எந்தெந்தச் சீமையையெல்லாமோ தாண்டினான். நூறாம் நாள், பாஷை தெரியாத ஓர் ஊரின் வயல்வரப்பில் அதை இறக்கிவைத்தான். கூடிய சனம் சைகையில் கேட்டது, இது என்ன என்று.

இருளப்பன் வந்த திசையைக் காட்டிச் சொன்னானாம்: "எங்கள் சூரியனுக்குப் பக்கத்து வீடு."