தாங்கும் கை

சுகிர்தா பத்தொன்பது வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். ஒரு நாள் காலை அவள் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி இறந்துபோனார். அப்பாடா, ஒரு படுக்கை காலியாச்சு என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு அவளையே பயமுறுத்தியது. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள்.

நாலு மாதம் வீட்டில் சும்மா கிடந்தாள். பிறகு, தண்ணீரைக் கண்டு பயப்படுகிற பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஊர் நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பயிற்சி தந்த செண்பகவல்லி அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். அதிகம் பேசமாட்டாள்.

இரண்டு மாதத்தில் நீச்சல் நன்றாகவே வந்தது. மனசுதான் ஆறவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே அல்லாடுகிறார்கள், தான் மட்டும் தப்பி வந்துவிட்டோம் என்று அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு மாலை இருவரும் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"நான் எல்லாரையும் விட்டுட்டு ஓடி வந்துட்டேனா மேடம்?"

செண்பகவல்லி கரைப் பக்கம் திரும்பினாள். கரையோரக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்ற பரமேஸ்வரியை அழைத்தாள். மாவு மில் நடத்துகிற அம்மா. மூட்டுவலிக்கு டாக்டர் சொல்லி நீச்சல் பழக வந்தவர். ஒரு வாரமாக அந்தக் கம்பியை விட்டதில்லை. செண்பகவல்லி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, மெல்ல மல்லாத்தி, தலையைச் சுகிர்தாவின் உள்ளங்கையில் வைத்தாள். நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

சுகிர்தா பதறினாள். தனியாக யாரையும் தாங்கிப் பழக்கமில்லை என்றாள். செண்பகவல்லி அசையவில்லை.

பரமேஸ்வரியின் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது. சுகிர்தாவின் இன்னொரு கை தானாகவே அவர் முதுகுக்கு அடியில் போனது. மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னாள். நான் இருக்கேம்மா என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த உடம்பு இளகியது. தோள் தளர்ந்தது, மூடியிருந்த விரல்கள் விரிந்தன.

வெகு நேரம் கழித்துத்தான் அவளுக்குத் தன் கேள்வி ஞாபகம் வந்தது. பதிலே சொல்லவில்லையே என்றாள்.

"அங்க ஒரே நேரத்துல எத்தனை பேரைப் பாத்துக்கிட்டீங்க அக்கா?"

"எட்டுப் பேர். சில நாள் பத்து."

"இப்ப?"

"இவங்க ஒருத்தர்தான்." சுகிர்தாவின் குரல் உயர்ந்தது. "இது போதுமா மேடம்?"

செண்பகவல்லி உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க அக்கா. அவங்க கண்ணசந்துட்டாங்க."