சாகாத ஆடுகள்

சிவன் கோயிலில் அணையா விளக்குக்கு நெய் அளக்கிற இடையன் பேர் காடன். அந்த அடைமழையில் மந்தையில் நோய் விழுந்து ஓர் ஆடுகூட மிஞ்சவில்லை. பின்னாலேயே வந்த காய்ச்சல் அவனுடைய ஒரே மகளையும் கொண்டுபோனது. அவளைப் புதைத்த மண் கையில் காய்வதற்குள் கோயில் அதிகாரி ஆள் அனுப்பி அவனைக் கோயிலுக்கு வரவழைத்துவிட்டார்.

“நெய் எங்கேடா?”

“ஆடெல்லாம் செத்துப்போச்சு, சாமி.”

ஊரே பார்க்க, அதிகாரி மதில் கல்வெட்டைக் கோலால் தட்டினார். “அரசி விளக்குக்குக் கொடுத்த ஆடுடா! இதிலே என்ன வெட்டியிருக்கு? ‘சாவா மூவாப் பேராடு.’ சாகாது, கிழடும் தட்டாது. கல்லில் எழுதினது பொய்யாகுமா? பொழுது சாய்வதற்குள் நெய் வரணும். இல்லேன்னா உன் குடிசை கோயிலுக்கு!”

கல்லை எதிர்த்து யார் பேசுவது?

காடன் கல்வெட்டைக் கும்பிட்டான். “பொய்யாகாது சாமி. எனக்குத்தான் முன்னாடியே புத்தி வரலை. ஆட்டுக்குப் பக்கத்திலேயே என் மக பேரையும் வெட்டச் சொல்லுங்க. கல்லில் ஏறினா சாவு கிடையாதே! அவ எழுந்து ஆட்டை ஓட்டிக்கிட்டு வரட்டும். நெய்யை நான் சுமந்துக்கிட்டு வர்றேன்.”

அதிகாரியின் கோல் தாழ்ந்தது. அன்று விளக்கு அவர் வீட்டு நெய்யில் எரிந்தது.

கூட்டம் கலைந்ததும் கல்தச்சன் உளியோடு வந்து காடன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பொண்ணு பேர் என்ன?”

அத்தனை பேசிய வாய்க்கு அந்த ஒரு பேர் மட்டும் வரவில்லை.