நாடாத் தடம்

அரசு மருத்துவமனைத் தோல் வார்டில் பூங்கோதை பேராசிரியர், மரகதம் மாணவி. வயது மட்டும் மாணவிக்கு மூன்று கூட. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் பதினெட்டு வருஷம் டாக்டராக ஊசி போட்டுவிட்டு மேல்படிப்புக்கு வந்தவள். அதனால் வார்டுக்குள் "டாக்டர்", டீக்கடையில் "அக்கா" என்று கூப்பிடுவாள் பூங்கோதை. மரகதத்துக்கு எங்கேயும் "மேடம்"தான்.

அதெல்லாம் ஒரு காலம். ஆளுக்கொரு ஊராகி ஒன்பது வருஷம்.

ஒரு நாள் பூங்கோதை போனில் படம் அனுப்பினாள். தன் தொப்புளோரம் கறுத்த தடிப்பு. பாவாடையை இறுக்கிக் கட்டுகிற பெண்களிடம் மரகதம் தினம் பத்துப் பார்ப்பதுதான்.

"நாடா உரசல், மேடம். தளர்த்திக் கட்டுங்க."

"நானும் அதான் நெனச்சேன்."

மூன்று மாதம் கழித்து அந்தத் தடிப்பில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சினைப்பையில் புற்று. உள்ளே பரவி, தோல்வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

மரகதம் ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கையோடு எடுத்துக்கொண்டு, பூங்கோதை சேர்ந்திருந்த ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

பூங்கோதை அதை வாங்கி முழுசாய்ப் படித்தாள். "எழுத்து இன்னும் கோழி கிளறினாப்லயே இருக்கு."

"விளையாடாதீங்க, மேடம். உங்களையே தப்பாப் பார்த்தவ நான். இனி யாரைத் தொட்டுப் பார்க்கிறது?"

பூங்கோதை மெல்லக் கட்டிலில் சாய்ந்தாள். சேலையை விலக்கினாள்.

"பாருங்க, டாக்டர்."

"மேடம்…"

"கண்ணை மூடிக்கிட்டு. முன்ன மாதிரி தூங்கிடாதீங்க."

மரகதம் கண்ணை மூடினாள். காலை ஏழரை மணி வார்டு வந்து நின்றது. டெட்டால் வாசனை. கண்மூடி நிற்கிற ஆறு மாணவர்கள். யார் விரலுக்கு முதலில் கட்டி தட்டுப்படும் என்று பந்தயம். தோற்றவர் எல்லாருக்கும் வடை வாங்க வேண்டும். வாங்கியது பெரும்பாலும் இவள்தான்.

விரல் தொப்புளைத் தொட்டது. புளியங்கொட்டைக் கெட்டி. அசையவில்லை. இன்னும் கீழே போனது. நாலு விரற்கடை தள்ளி நின்றது.

"ஏன் நின்னுட்டீங்க?"

ஒன்றுமில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மரகதம் அதை விழுங்கினாள்.

"இங்க இன்னொண்ணு இருக்கு, மேடம். மிளகளவு. மேலே பார்த்தாத் தெரியாது."

பூங்கோதை சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். நேத்து நாலு டாக்டருங்க பார்த்துட்டுப் போனாங்க. ஒருத்தரும் இதைச் சொல்லலை. நாளைக்கு உங்களுக்கு ஓபி எத்தனை மணிக்கு?"